டைப்ரைட்டரும் அவரவர் விரலும்

பத்து பேர் "மெஷின் கெட்டுப்போச்சு, உடனே வாங்க" என்று டைப்ரைட்டர் மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினால், போய்ப் பார்க்கும்போது மூன்று மெஷின்தான் உண்மையிலேயே கெட்டிருக்கும். மற்ற ஏழிலும் வேறு யாரோ உட்கார்ந்து அடித்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள்.

உங்களுக்கும் இது நடந்திருக்கும். ஒரே ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்தால் சாவிகள் கல் மாதிரி இருக்கும். மார்ஜின் எங்கோ நகர்ந்திருக்கும். காகிதம் கோணலாக ஏறும். ஆபீஸில் யாரைக் கேட்டாலும் "நான் தொடவே இல்லை" என்பார்கள். அந்த எரிச்சல் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்களும் படிக்கலாம்.

நான் அவிநாசிக்காரன். கோயமுத்தூரில் தொழில் கற்றுக்கொண்டு குன்னூருக்கு வந்தேன். மார்க்கெட்டுக்கு மேலே ஒரு மாடி அறை, இரண்டு பெஞ்சு, ஒரு தோல் பை நிறைய ஸ்பிரிங்கும் திருகும். இலங்கைத் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கப்பலில் வந்து இறங்கி, பெட்டி படுக்கையோடு நீலகிரிக்கு ஏறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அவர்களுக்காகப் புதுத் தேயிலைத் தோட்டங்கள் போட்டார்கள். தோட்டத்துக்கு ஆபீஸ் வந்தது, ஆபீஸுக்கு மெஷின் வந்தது, மெஷினுக்குப் பின்னாலேயே நானும் பஸ் ஏறினேன். ஊட்டி, கூடலூர், பந்தலூர் என்று சுற்றாத வாரம் கிடையாது.

ஒரு மெஷின், இரண்டு பேர்

ஜெகதளா பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீஸ். காலையில் ஸ்டெல்லா என்கிற டைப்பிஸ்ட் கடிதங்கள் அடிப்பார். மத்தியானத்துக்கு மேல் அதே மெஷினில் போஜன் என்கிற கிளார்க் ஃபாக்டரி ரிப்போர்ட் அடிப்பார். ஸ்டெல்லாவுக்குச் சாவி தொட்டவுடன் இறங்க வேண்டும். போஜனுக்கோ ரிப்போர்ட் ஐந்து காப்பி வேண்டும். கார்பன் வைத்து ஓங்கி அடித்தால்தான் ஐந்தாவது காப்பியில் எழுத்து தெரியும். லேசான சாவியை அவர் ஓங்கி அடித்தால் இரண்டு எழுத்து ஒன்றாகப் போய் முட்டிக்கொள்ளும். சாவியின் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மெஷின் ஓரத்தில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. காலையில் ஸ்டெல்லா அதை ஒரு பக்கம் தள்ளுவார், மத்தியானம் போஜன் மறுபக்கம் தள்ளுவார். எவ்வளவு தள்ளுவது என்று இருவருக்கும் தெரியாது. அதனால் தினமும் ஒரு சண்டை, வாரத்துக்கு ஒரு தடவை எனக்கு ஆள்.

மூன்றாம் தடவை போனபோது நெம்புகோலைக் கையில் பிடித்துக்கொண்டு முதலில் ஸ்டெல்லாவை உட்காரவைத்து அடிக்கச் சொன்னேன். "இதுதான், இதுதான்" என்று அவர் சொன்ன இடத்தில் அவருடைய நகப்பாலிஷையே வாங்கி ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். போஜன் சொன்ன இடத்தில் நீலப் பெயிண்டால் ஒரு பொட்டு. அவரவர் வந்தவுடன் அவரவர் பொட்டுக்கு நேராகத் தள்ளிக்கொண்டால் போதும். அதன் பிறகு இரண்டு மாதம் ஆளே வரவில்லை. அந்த வழியாகப் போனபோது நானாகவே உள்ளே நுழைந்து, எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். போஜன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மெஷின் நல்லா இருக்குங்க. எனக்கும் அந்தம்மாவுக்கும் பேசிக்கத்தான் இப்ப ஒண்ணுமே இல்லாமப் போச்சு."

சுவருக்கு அப்பால் ஒரு காது

குன்னூரிலேயே ஒரு தேயிலைக் கம்பெனி. அங்கே வரதன் என்று ஒரு ஸ்டெனோ. அவருடைய மேனேஜர் அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பார். ஒரு வரி முடியப்போகும்போது டைப்ரைட்டரில் டிங் என்று ஒரு மணி அடிக்குமே, அதைக் கேட்டுக்கொண்டே இருப்பது மேனேஜரின் வழக்கம். மணி அடித்துக்கொண்டிருந்தால் வரதன் வேலை செய்கிறார் என்று அர்த்தம். கொஞ்ச நேரம் அடிக்கவில்லை என்றால் "என்ன வரதன், தூக்கமா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வரும். வரதன் அப்போது பிழையை ரப்பரால் அழித்துக்கொண்டிருப்பார். பதில் சொல்லப்போய் காகிதம் கிழியும்.

மணியைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். "ஐயையோ, கழற்றினா நேரா வந்து பக்கத்துலயே உக்காந்துக்குவாருங்க. இன்னும் கொஞ்சம் அடிக்கடி அடிக்கிற மாதிரி செய்ய முடியுங்களா?" என்றார். அதில் கஷ்டமே இல்லை. வலது பக்க மார்ஜினை இரண்டு அங்குலம் உள்ளே தள்ளினேன். வரி சின்னதானது, மணி சீக்கிரம் சீக்கிரம் அடித்தது. வரதன் நிம்மதியாக ரப்பரை எடுத்தார். இரண்டு மணியோசைக்கு நடுவே அழித்துக்கொண்டிருந்தாலும் கணக்கு சரியாகிவிட்டது. சில மாதம் கழித்து மேனேஜரே என்னை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க சர்வீஸ் பண்ணின பிறகு வரதன் ரொம்ப வேகமாயிட்டாருங்க. கடிதம்தான் ஏனோ ஒரு பக்கத்துல முடியவே மாட்டேங்குது."

மெஷினுக்கு ஒரு ஸ்வெட்டர்

ஊட்டியில் மார்கழிக் குளிருக்கு மெஷினுக்குள் போட்ட எண்ணெய் இறுகிவிடும். காலையில் முதல் அரை மணி நேரம் சாவிகள் நனைந்த மாவில் கை விட்ட மாதிரி இறங்கி, யோசித்து யோசித்து எழும்பும். இதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். ஒருவர் கரி அடுப்பை மேஜைக்குக் கீழே வைத்து ரோலரையே கருக்கிவிட்டார். இன்னொருவர் வெந்நீர்ப் பாட்டிலை மெஷினுக்கு அணைத்துவைத்தார், பாட்டில் ஒழுகியது.

ஒரு வக்கீலிடம் இருந்த டைப்பிஸ்ட் ஜெயபாலின் மெஷின் மட்டும் காலையிலேயே லேசாக ஓடும். ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஓர் எழுத்து மேலே எழும்பாமல் சிக்கிக்கொள்ளும். திறந்து பார்த்தால் உள்ளே எங்கும் பச்சைக் கம்பளி நூல் பிசிறு. "இது எங்கிருந்து வருது?" என்று கேட்டேன். ஜெயபால் வெட்கப்பட்டுக்கொண்டே அலமாரியைத் திறந்து எடுத்தார். மெஷினுக்கென்றே பின்னிய ஒரு கம்பளி உறை. காகித உருளையோடு நகரும் கேரேஜ் நீட்டிக்கொண்டிருப்பதற்கு இரண்டு பக்கமும் கைகூட வைத்திருந்தது. அவர் மனைவி பின்னினதாம். ஜெயபாலோ ஒரு மெல்லிய பருத்திச் சட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்றார். நான் உறையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்ததைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "எனக்குன்னுதான் ஆரம்பிச்சா. கை வச்ச பிறகு பார்த்தா அளவு இதுக்குத்தான் சரியா இருந்துச்சு."

மழை மேல் உட்கார்ந்தவர்

அதே ஊட்டியில் ஓர் அரசு ஆபீஸ். டைப்பிஸ்ட் சரோஜா குள்ளம். அவருடைய மேஜை, எந்தக் காலத்திலோ ஆறடி ஆளுக்காகச் செய்தது. முதல் வருஷம் முழுக்க கையைத் தூக்கித் தூக்கி அடித்துத் தோள்பட்டை வலி வந்து, தைலம் தடவிக்கொண்டு அவதிப்பட்டிருக்கிறார். மேஜையின் காலை இரண்டு அங்குலம் அறுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அரசாங்க மேஜையின் காலை அறுக்க ஆர்டர் வேண்டும் என்று எழுதிப்போட்டார், பதில் வரவில்லை. பிறகு ஒரு தடவை போனபோது நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கை சாவிக்கு நேராக இருக்க, அழகாக அடித்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் பூப்போட்ட உறை தைத்த கனமான திண்டு ஒன்று இருந்தது. "இப்ப வலியே இல்லீங்க" என்றார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த முறை நான் ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தபோது மதராஸிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்திருந்தார். எங்கேயோ பாலம் கட்ட வேண்டுமாம், அந்தப் பக்கத்துப் பழைய மழை அளவுப் பதிவேடுகள் வேண்டுமாம். ஆபீஸே புரண்டது. மூன்று புத்தகம் மட்டும் காணோம். சூப்பிரண்டெண்ட் பியூனைத் திட்டினார், பியூன் கரையானைத் திட்டினார். இன்ஜினீயர் "அது இல்லாமல் வேலை ஓடாது, ஆறு பெருகினால் எவ்வளவு தூரம் வரும் என்று எப்படிச் சொல்வேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். சரோஜா அதுவரை அடித்துக்கொண்டிருந்தவர் மெல்ல எழுந்து, திண்டின் ஓரத் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து, மூன்று புத்தகத்தையும் எடுத்துத் தந்தார். இரண்டே நாளில் மேஜையின் காலை அறுக்க ஆர்டர் வந்தது. முன்பே ஏன் சொல்லவில்லை என்று சூப்பிரண்டெண்ட் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "மழைக் கணக்கு எங்கேன்னுதான் கேட்டுட்டே இருந்தீங்க சார். நான் எது மேல உக்காந்திருக்கேன்னு யாருமே கேக்கலீங்களே."

என் பெஞ்சும் காதரும்

ஊரார் கதையையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? என் கடையில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு, காதர். ரேடியோ ரிப்பேர் செய்பவர், மற்ற பெஞ்சு அவருடையது. என் தங்கை கல்யாணத்துக்கு நான் நாலு நாள் அவிநாசி போயிருந்தேன். காதர் சும்மா இருக்க முடியாமல் என் பெஞ்சைச் சுத்தம் செய்து, திருப்புளிகளை எல்லாம் உயர வாரியாக அடுக்கி, திருகுகளைப் பிஸ்கட் டப்பாக்களில் பிரித்து, டப்பாவுக்கு மேல் லேபிளும் ஒட்டி வைத்திருந்தார். பார்க்க ஏதோ ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது.

நான் திரும்பி வந்த அன்று ஒரு வேலையும் ஓடவில்லை. கை வழக்கமான இடத்துக்குப் போகும், அங்கே வெறும் பலகை இருக்கும். வளைந்த மூக்குக் குறடு எப்போதும் என் இடது முழங்கைக்குக் கீழே அழுக்குத் துணியில் சுருட்டியிருக்கும். அதைத் தேடியே முக்கால் மணி நேரம் போனது. மத்தியானத்துக்குள் நான் எழுந்து நின்று, என் சாமானை இனிமேல் யாராவது தொட்டால் நடப்பது வேறு என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டேன். காதர் கையில் இருந்த ரேடியோவைக் கீழே வைக்காமலேயே மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, மெக்கானிக் யாரையாச்சும் கூப்பிட்டு உங்களுக்கு ஒரு சர்வீஸ் பார்க்கச் சொல்லட்டுங்களா?"

நாலாம் நம்பர் மெஷின்

இது நான் செய்த தப்பு. குன்னூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பன்னிரண்டு மெஷின் இருந்தன, எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அருவங்காட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற கோகிலா என்ற பெண் எப்போதும் நாலாம் நம்பரில்தான் உட்காருவாள். அப்பா இல்லாத வீடு. டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை பாஸ் செய்துவிட்டால் அவளுக்கு வேலை தருவதாக ஒரு ஆபீஸில் சொல்லி வைத்திருந்தார்கள். பரீட்சைக்கு அவரவர் பழகிய மெஷினையே எடுத்துப்போகலாம். முந்தின நாள் சாயங்காலம் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனவன், பாவம் இந்தப் பெண் பரீட்சை எழுதப்போகிறாளே என்று நாலாம் நம்பரைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பேஸ் பார் கனமாக இருந்தது. ஆங்கில 'ஈ' பாதியில் தயங்கி நின்றது. கேரேஜ் இழுவை மந்தம். எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்து, எண்ணெய் விட்டு, புதிதாக வந்த மாதிரி ஆக்கிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

கோகிலா அந்த மெஷினில்தான் ஒரு வருஷம் பழகியிருந்தாள். 'ஈ' வரும் இடத்தில் ஒரு தட்டு கூடத் தட்ட வேண்டும், ஸ்பேஸ் பாரைக் கட்டை விரலால் இடித்துத் தள்ள வேண்டும் என்று அவள் கைக்கு மனப்பாடம். பரீட்சை ஹாலில் மணி அடித்ததும் மெஷின் அவளுக்கு முன்னால் ஓடியது. இடித்த இடத்தில் எல்லாம் இரண்டு இடைவெளி விழுந்தது, கூடத் தட்டின இடத்தில் 'ஈ' இரட்டையாக விழுந்தது. ரிசல்ட் வந்தபோது பெயில். நான் அருவங்காட்டுக்கே போய் அவள் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். தலை நிமிர்த்த முடியவில்லை. அந்த ஆபீஸுக்கும் போய் நடந்ததைச் சொன்னேன். நல்ல மனுஷர்கள், அடுத்த பரீட்சை வரைக்கும் காத்திருக்கிறோம் என்றார்கள். கோகிலா மறுபடி பணம் கட்டி, அதே நாலாம் நம்பரில் புதிதாகப் பழகி, அடுத்த முறை ஃபர்ஸ்ட் கிளாஸில் தேறினாள், வேலையும் கிடைத்தது. ஆனால் அந்தப் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது என் கடைப் படியேறி வந்து சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: "ஏனுங்கண்ணா, கோவிச்சுக்காதீங்க, பரீட்சை முடியற வரைக்கும் நீங்க ஊருக்குப் போயி இருந்துட்டு வாங்களேன்."

அங்கம்மாளின் புள்ளிகள்

பந்தலூரில் ஓர் ஆபீஸ் வாசலில் வேலாயுதம் என்பவர் மேஜை போட்டுத் தமிழ் மெஷினில் மனு அடித்துக்கொடுப்பார். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வீடு, வேலை, குடும்ப அட்டை எல்லாவற்றுக்கும் மனு வேண்டும், எப்போதும் அவர் முன்னால் பத்துப் பேர் நிற்பார்கள். தமிழ் மெஷினில் மெய்யெழுத்து அடிக்க வேண்டுமானால் புள்ளிக்கு ஒரு தட்டு, எழுத்துக்கு ஒரு தட்டு, இரட்டை வேலை. வேலாயுதம் காலப்போக்கில் புள்ளியை விட்டுவிட்டார். "படிக்கிறவங்களுக்குப் புரியும்" என்பார். புள்ளிச் சாவி தொடாமலே கிடந்து துருப்பிடித்திருந்தது. மற்ற ரிப்பேருக்குப் போன நான் அதையும் சரி செய்யட்டுமா என்று கேட்டால், "அது நமக்கு வேண்டாங்க, இருக்கட்டும்" என்பார்.

ஒரு நாள் நான் பக்கத்தில் பையைத் திறந்துகொண்டிருந்தபோது ஓர் அம்மாள் தன் மனுவைக் கையில் வாங்கினார். ஐம்பது வயது இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சின்ன வயதில் கதிர்காமத்துத் திருவிழாவில் தன் பெயரை முன்கையில் பச்சை குத்தியிருந்தார். அங்கம்மாள். சேலையை விலக்கி, கையைக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரலை ஓட்டிப் பார்த்தார். "என்ட கையில தலைக்கு மேல மூணு பொட்டு இருக்குதுங்க. இதுல ஒண்ணும் இல்லையே" என்றார். வேலாயுதம் எவ்வளவோ சொல்லிப்பார்த்தார். அந்த அம்மாள் கோபப்படவும் இல்லை, நகரவும் இல்லை. இலங்கையில் கப்பல் ஏறுவதற்கு முன்பு யாரோ பெயரைத் தப்பாக எழுதி, மகன் பெயர் ஓர் அட்டையிலும் இவர் பெயர் வேறோர் அட்டையிலும் போய், இருவரும் வேறு வேறு கப்பலில் வந்து ஒருவரையொருவர் தேடி அலைந்ததைச் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

வேலாயுதம் என்னைப் பார்த்தார். நான் திருப்புளியை எடுத்தேன். துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, சாவி சுலபமாக இறங்கும்படி ஸ்பிரிங்கைத் தளர்த்திக் கொடுக்க அரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து அவர் எல்லா மனுவுக்கும் புள்ளி வைத்தார். அந்த அரை மணி நேரத்தில், இவ்வளவு நேரம் நிற்க வேண்டாம், அந்தப் பெஞ்சில் உட்காருங்கள் என்று நான் சொன்னபோது அங்கம்மாள் சொன்னது இது: "நீங்க ஆறுதலா, மெல்லமா செய்ங்க ஐயா. கப்பலுக்கே அஞ்சு மாசம் நின்டவ நான், பொட்டுக்கு நிக்க மாட்டனா?"

'ஏ' இல்லாத கடிதம்

பந்தலூருக்கு அப்பால், புதிதாகப் போட்ட தோட்டம் ஒன்றின் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை காலியானது. தொழிலாளிகளில் யாருக்காவது டைப் தெரியுமா என்று மேனேஜர் விசாரித்தார். சுப்பையா என்பவர் கையைத் தூக்கினார். இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீஸில் பதினோரு வருஷம் டைப் அடித்தவர். ஆனால் அவர் கொண்டுவந்த காகிதத்தில் 'தோட்டத் தொழிலாளி' என்று மட்டும் இருந்ததால் இங்கே வந்ததிலிருந்து மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். தொழிலாளிகளுக்கான லயத்து வரிசை வீட்டில் ஒரே அறை, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். ஆபீஸ் வேலை கிடைத்தால் ஸ்டாஃப் வீடு உண்டு. டெஸ்ட் வைத்த அன்று மெஷினை சர்வீஸ் செய்வதற்காக நான் தற்செயலாக அங்கே இருந்தேன்.

சுப்பையா வெளுத்த சட்டை போட்டு, தலையை அழுத்தி வாரி வந்திருந்தார். "இந்தக் கதிரையில இருக்கலாங்களா ஐயா?" என்று நாற்காலியைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். விரல்களைச் சாவிமேல் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது பழகிய கை. மெஷினைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தே அடித்தார், தாளம் ஒரே சீராக வந்தது. ஆனால் ஹெட் கிளார்க் காகிதத்தை உருவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கடிதம் முழுக்க எழுத்து விட்டுப்போயிருந்தது. எஸ்டேட் என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து, மேனேஜர் என்ற சொல்லில் இரண்டு. "டைப் தெரியும்னு யார் வேணா சொல்லலாம்" என்று ஹெட் கிளார்க் சொன்னார். சுப்பையா எழுந்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். மேனேஜர் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

நான் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். டைப் தெரியாதவன் எல்லா எழுத்திலும் தப்பு விடுவான். இதில் ஆங்கில 'ஏ' மட்டும்தான் இல்லை. மற்ற ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. "கையைக் காட்டுங்க" என்றேன். தயங்கித் தயங்கி நீட்டினார். இடது சுண்டுவிரலின் நுனி, முதல் கணுவுக்கு மேலே இல்லை. கவ்வாத்துக் கத்தி எடுத்துப்போனது. 'ஏ' அந்த விரலின் சாவி. கை அங்கே போகிறது, விரல் எட்டவில்லை. முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொன்னா உக்காரவே விட மாட்டாங்கன்னு நினைச்சேங்க ஐயா" என்றார். நான் மேனேஜரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினேன். ஹெட் கிளார்க்குக்கு அது பிடிக்கவில்லை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

ஆபீஸ் அலமாரியில் ஓர் இருமல் மருந்து பாட்டில் இருந்தது. அதன் தக்கையை வட்டமாக ஒரு துண்டு நறுக்கி, பார்சலுக்கு முத்திரை வைக்கும் அரக்கை உருக்கி, 'ஏ' சாவியின் தலையில் ஒட்டினேன். உயரம் அதிகமாகிவிட்டது. அவர் பக்கத்துச் சாவியைத் தொடும்போது இதுவும் இடித்தது. கொஞ்சம் செதுக்கினேன். இப்போது குட்டையாகிவிட்டது. வேறு துண்டு நறுக்கி, உள்பக்கம் சரிவாகச் சீவி, மறுபடி ஒட்டினேன். ஒவ்வொரு தடவையும் அவர் விரலை வைத்துப் பார்த்து, தலையை ஆட்டுவார் அல்லது அசைக்காமல் இருப்பார். மூன்றாவது தடவை சரி என்று தலை ஆடியது. மேனேஜர் அதே கடிதத்தை மறுபடி கொடுத்தார். சுப்பையா அடித்து முடித்து, காகிதத்தை உருவி, தான் பார்க்காமலேயே நேராக ஹெட் கிளார்க்கிடம் நீட்டினார். ஹெட் கிளார்க் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசி வரி வரை படித்துவிட்டு, "சுத்தமா இருக்கு" என்று மட்டும் சொல்லி மேனேஜரிடம் தந்தார். பிறகு அவரே போய் அந்த நாற்காலியை மேஜைக்கு நேராக நகர்த்தி வைத்தார். எப்போது வேலைக்கு வருகிறாய் என்று மேனேஜர் கேட்டார். சுப்பையா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கே வரலாங்க ஐயா. எனக்குக் குடுத்த நிரையில இன்னும் இருபது செடி வெட்டாமக் கிடக்கு, அத மட்டும் இன்னைக்கு முடிச்சுக் குடுத்துப்போட்டு வாறேன்."

கடை வாசலில் டைப்ரைட்டர் மெக்கானிக் என்றுதான் போர்டு மாட்டியிருந்தேன், ஆனால் அந்த வருஷங்களில் நான் கழற்றி மாட்டிய நேரத்தைவிடப் பக்கத்தில் நின்று "இப்ப சரியா இருக்குங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம், அந்த வேலைக்கு என்ன பெயர் போட்டு பில் எழுதுவது என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.